டெலிரிஹாபிலிடேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கோவிட் மாதிரி ஒரு வைரஸ் நோய் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் சோர்வு, மூச்சிரைப்பு, படபடப்பு, எதையும் யோசிக்க முடியாத மந்தம் என்று உடம்பு மக்கர் செய்துகொண்டே இருக்கும் நோயாளிகளுக்கு, அவர்கள் வீட்டில் இருந்தபடியே வீடியோ அழைப்பு, செயலி, குறுஞ்செய்தி வழியாக இயன்முறை மருத்துவரும் மற்ற நிபுணர்களும் சிகிச்சை கொடுத்து மீட்டெடுப்பதை டெலிரிஹாபிலிடேஷன் என்கிறார்கள். மற்ற நோயாளிகளுக்கும் இந்த முறை உண்டு, இங்கே பேசுவது இவர்களைப் பற்றி மட்டும். சுருக்கமாக டெலிரிஹாப். யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு நாமே கைகாலை அசைப்பது இதில் சேராது. நம் நிலையைப் பார்த்துப் பார்த்துத் திட்டத்தை மாற்றுகிற ஓர் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும்.

சொல்லின் முதல் பாதி கிரேக்கம். 'டெலி' என்றால் தூரத்தில். நம் 'தொலை'யும் அதுவும் ஒரே வேர் என்று சிலர் ஆர்வத்தில் சொல்வதுண்டு, ஆனால் ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான். இரண்டாம் பாதி லத்தீன்: 'ரி' என்றால் மறுபடியும், 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியான, ஏற்ற. இடைக்கால லத்தீனில் இதற்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே கிடையாது, பதவியோ உரிமையோ பறிபோனவருக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதைத்தான் குறித்தது. 1914-18 முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களை மறுபடி நடக்கவும் வேலை பார்க்கவும் வைக்க நடந்த முயற்சிகளோடு சேர்ந்துதான் சொல் மருத்துவத்தில் வேரூன்றியது.

தமிழில் இதற்கு மறுவாழ்வு என்கிறோம், இலங்கையில் புனர்வாழ்வு. இரண்டுமே நல்ல சொற்கள், ஆனால் தனியாக நின்றால் ஒன்று குடிநோய்க்கான மையத்தையும் அகதி முகாமையும், மற்றது போருக்குப் பிந்தைய முகாம்களையும் நினைவுபடுத்திவிடுகிறது. அதனால் சிலர் 'மீள்திறன் பயிற்சி', 'உடல்திறன் மீட்புப் பயிற்சி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை 'பயிற்சி' வேண்டவே வேண்டாம் என்பேன்.

காரணம் இருக்கிறது. நெடுங்கோவிட் (லாங் கோவிட், அதாவது கோவிட் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நலிவு) உள்ளவர்களில் பலருக்கு, கொஞ்சம் கூடுதலாக உடம்பையோ மூளையையோ வருத்தினால் அப்போது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் ஆளையே சாய்த்துவிடும், எழுந்திருக்கவே சில நாள், சில வாரம்கூட ஆகலாம். உழைப்புக்குப் பிந்தைய நலிவு என்று இதைச் சொல்லலாம். வைரஸ் தொற்றுக்குப் பிறகு தொடங்கும் நாள்பட்ட களைப்பு நோயிலும் இதுவே முதன்மை அறிகுறி. முன்பெல்லாம் இவர்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கச் சொல்வது வழக்கமாக இருந்தது, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட களைப்பு நோய் வழிகாட்டுதலில் அந்த முறையைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது நிறுத்தத்தான்: இருக்கிற தெம்பை அளந்து, அது தீர்வதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவது. பேஸிங் என்கிற இதைத் தமிழில் 'அளவறிந்து இயங்குதல்' எனலாம். பெயரிலேயே பயிற்சி இருந்தால் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு கூடுதலாகச் செய்துவிடுவார்கள்.

தொலைவழி முறை உண்மையில் கைகொடுப்பதும் இங்கேதான். மருத்துவமனைக்குப் போய் வரிசையில் காத்திருந்து திரும்புவதற்குள்ளேயே அன்றைய தெம்பு முழுக்கத் தீர்ந்துவிடும் நோயாளிக்கு அந்த அலைச்சல் மிச்சம். அதைவிட முக்கியம் மறுநாள். வீடியோவில் ஒருவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு நாற்காலியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழுகிறார், ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று மறுமுனையில் பார்க்கிறார்கள், 'எவ்வளவு சிரமமாக இருந்தது, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். நேரில் என்றால் அதோடு முடிந்துவிடும். இங்கே மறுநாளும் அதற்கு மறுநாளும் செயலியில் 'இன்று எப்படி?' என்று கேள்வி வரும், பதில் மோசமாக இருந்தால் அடுத்த அமர்வு பாதியாகக் குறையும். தாமதமாக வந்து தாக்கும் நலிவைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, பலன் உண்டா? பிரிட்டனில் கோவிடுக்காக மருத்துவமனையில் இருந்து திரும்பிய 585 பேரிடம் நடந்த ரீகெய்ன் ஆய்வின் முடிவு 2024இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. நேரலையில் 8 வாரக் குழுச் சிகிச்சை பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம், ஒரேயொரு இணைய ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடியிருந்தது, ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. ஆனால் முன்னேற்றம் பெரிது என்று சொல்ல முடியாது, மருத்துவமனைப் பக்கமே போகாமல் வீட்டிலேயே நோயைக் கழித்து இன்றும் நலிவோடு இருப்பவர்களுக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது.

கூடவே வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். 'லாங் கோவிட்' மருத்துவர்கள் வைத்த பெயர் இல்லை. எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் தானும் நோயாளியாக இருந்தபோது 2020 மே மாதம் ட்விட்டரில் போட்ட குறிச்சொல் அது. 'நெடுங்கோவிட்' அதற்கு அழகாகப் பொருந்துகிறது. 'டிஜிட்டல்' என்பதற்கு எண்ணிம, மின்னிலக்க என்று இரண்டும் புழங்குகின்றன, எதுவானாலும் சரி.

டெலிரிஹாபிலிடேஷனுக்கு என் தேர்வு 'தொலைவழி மறுவாழ்வுச் சிகிச்சை'. கடைசியில் உள்ள 'சிகிச்சை' முகாம் நினைவை விலக்கிவிடும். 'தொலைவழி' எந்த வழியாக என்பதை மட்டும் சொல்கிறது, நேரில் பார்க்கவே தேவையில்லை என்று ஆகாது. நெஞ்சுவலி, மயக்கம், எழுந்து நின்றாலே இதயம் தாறுமாறாக அடிப்பது, லேசாக அசைந்தாலே ஆக்சிஜன் இறங்குவது இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரை நேரில் பார்த்துவிட்டு, அவர் சரி என்ற பிறகுதான் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும்.