கந்தோர்க் கூட்டத்தோடு நடக்கப் போகிறீர்களா?

அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து, நாளையிலிருந்து உடம்பைக் கவனிப்போம் என்று கிளம்பினால், கொஞ்ச நாளில் அதில் ஒருவரோ இருவரோ நொண்டிக்கொண்டு என்னிடம் வந்து சேர்வார்கள். திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு இது பழகிப்போன விஷயம். வங்கி, கச்சேரி, பாடசாலை, துறைமுகம், உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் என்று இடம் மாறும், கதை பெரிதாக மாறாது. அதற்காகச் சேர்ந்து செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தனியாகத் தொடங்குபவரைவிடக் கூட்டாகத் தொடங்குபவர்தான் நின்று பிடிக்கிறார். அதையும் இதே அறையிலிருந்துதான் பார்க்கிறேன். எல்லோருக்கும் ஒரே இலக்கை வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இருபத்தாறு வயதுத் தம்பிக்கும், ஐம்பதைத் தாண்டி, சீனி வருத்தத்தோடு மூதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் அண்ணனுக்கும் ஒரே தூரம், ஒரே வேகம். நேரத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், அளவை அவரவரிடம் விட்டுவிடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அதிகம் பார்ப்பது நடை எண்ணும் போட்டியால் வரும் வலிகளை. வட்ஸ்அப்பில் ஒரு குழு. இரவு பன்னிரண்டுக்குள் அன்றைய எண்ணிக்கையைப் படம் பிடித்துப் போட வேண்டும். பத்தாயிரம் தொடாதவர் மறுநாள் எல்லோருக்கும் வடையும் பால்ரீயும் வாங்கித் தர வேண்டும். (தண்டனையே வடைதான் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை.) இப்படி ஒரு குழுவிலிருந்து வந்த பெண் உத்தியோகத்தர் சொன்னார்: “காலையில கட்டிலால இறங்கிக் குதிக்காலை ஊன்றவே ஏலாமல் கிடக்கு சேர். நாலு எட்டு வச்சா பிறகு பரவாயில்ல.” எப்போது நடக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலேகாலுக்கு வேலை முடியும், பிள்ளையை ரியூஷனுக்கு ஏற்றி இறக்கி, சமைத்து, சாப்பாடு கொடுத்து, எல்லோரும் படுத்த பிறகு குசினிக்கும் விறாந்தைக்கும் இடையே நடப்பாராம். வெறுங்காலோடு, சீமெந்துத் தரையில், பதினொன்றரை மணிவரை. விடிய ஐந்துக்கு எழும்ப வேண்டும்.

உள்ளங்காலின் அடியில் குதியிலிருந்து விரல்கள்வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். இரவில் ஓய்வில் அது இறுகிக்கிடக்கும், காலை முதல் எட்டில் இழுபடும். அதனால்தான் அந்த நேரத்து வலி. மூச்சும் தசையும் சில வாரங்களில் புதிய வேலைக்குப் பழகிவிடும். நாரும் தசைநாணும் எலும்பும் அப்படியில்லை, மாதக்கணக்கில் எடுக்கும். உடம்பு ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும், குதிக்கால் சம்மதிக்காது. மூவாயிரம் நடந்துகொண்டிருந்தவர் ஒரே நாளில் பத்தாயிரத்துக்குத் தாவினால் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்வார்.

அந்தப் பத்தாயிரமும் வைத்தியர்கள் ஆராய்ந்து சொன்ன கணக்கென்று நினைக்க வேண்டாம். 1964 ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, 1965 இல் ஜப்பானில் ஒரு நடையளவி விற்பனைக்கு வந்தது. அதை விற்க வைத்த வட்டமான எண் அது. நடப்பதால் வரும் நன்மை அதற்குக் கீழேயே நன்றாகக் கிடைக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பெண் உத்தியோகத்தரிடம் குழுவை விட்டு விலகச் சொல்லவில்லை. ஒரு வாரம் வழக்கம்போல நடந்து, உங்கள் சராசரி என்னவென்று பாருங்கள், அதோடு ஆயிரம் கூட்டுங்கள், இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள், பிறகு அடுத்த ஆயிரம் என்றேன். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலின் கீழ் உருட்டுவது. இரவு நடையை மட்டும் கட்டாயமாக நிறுத்தச் சொன்னேன். தூக்கத்தை விற்று வாங்கும் நடை எனக்குப் பிடிக்காது.

நேரம் எங்கே இருக்கிறது என்று உடனே கேட்பார்கள், நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். கடுமையாகச் செய்பவருக்கு அதில் பாதி போதும். முன்பெல்லாம் ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், இந்த வழிகாட்டலில் அந்த நிபந்தனை இல்லை. ஐந்து நிமிடமும் கணக்குத்தான். வேலையால் களைத்துப்போனவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பகல் சோற்றுப் பார்சலை முடித்துவிட்டு நாலு பேர் எழும்பி, அலுவலக வளவை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சாப்பிட்டவுடன் நடக்கும் அந்தப் பத்து நிமிடம் இரத்தத்தில் சீனி ஏறுவதைத் தணிக்கும். சேலையும் செருப்புமாக இருந்தாலும் இது முடியும், உடுப்பு மாற்றத் தேவையில்லை, வீட்டுக்குப் பிந்தவும் மாட்டீர்கள். மாலை நடைக்குழுக்களில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வக்குறைவைக் காரணம் சொல்லும் ஆண்கள், அந்த நேரத்தில் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ஒருதடவை யோசித்துப் பார்க்கலாம்.

மிதமான வேகம் எது என்று அறிய மணிக்கூடு தேவையில்லை, பக்கத்தில் நடப்பவரே போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மேலதிகாரியைப் பற்றிய முறைப்பாட்டை ஒரே மூச்சில் ஆரம்பம் முதல் கடைசிவரை சொல்ல முடிந்தால் வேகம் போதாது. ஒரு வசனத்துக்கே இரண்டு தடவை மூச்சு வாங்கினால், குழு உங்களுக்கு மிஞ்சிய வேகத்தில் போகிறது என்று அர்த்தம். பின்தங்குங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அதே வழிகாட்டலில் எல்லோரும் மறந்துவிடும் இன்னொன்று, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஜிம் வேண்டாம், அலுவலகக் கதிரை போதும். சில்லுப் பூட்டிய கதிரை மட்டும் கூடாது. கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள். சுவரில் கையை வைத்துத் தள்ளுங்கள். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள்.

இனி, எங்கே நடப்பது? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒவ்வோர் இடமும் காலிடம் ஒவ்வொன்றைக் கேட்கும். டச்சுக்குடாக் கடற்கரையில் உதிர் மணலில் நடப்பது, அதே வேகத்தில் வீதியில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை எடுக்கும். புதிதாகத் தொடங்குபவர் ஈரமணலில் நடக்கட்டும். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் ஊன்றும். போன வழியே திரும்பினால் மற்றக் காலும் பங்கெடுத்துக்கொள்ளும். கடற்கரையால் போய் வீதியால் திரும்புகிறவர்களுக்குத்தான் முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில்வரை ஏறும் வீதி நல்ல பயிற்சி, மான்களும் கூட வரும். ஏறும்போது மூச்சு வேலை செய்யும், இறங்கும்போது முழங்கால் வேலை செய்யும். ஏற்கெனவே முழங்கால் தேய்ந்தவர்கள் உட்துறைமுக வீதியின் சமதரையில் நடப்பது நல்லது. அதிகாலையில் தனியாகப் போகப் பலர் பயப்படுவது தெருநாய்களுக்கு. கூட்டமாகப் போனால் அந்தப் பயம் பாதி குறையும். அப்படியும் கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெயில் தாழாமல் வெளியே இறங்க வேண்டாம். அந்தச் சூட்டுக் காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே உலர்த்திவிடும். உடுப்பு நனையாததால் உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறதென்று தெரியாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், மஞ்சள் கடுத்தால் தண்ணீர் போதவில்லை. கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் தசை வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வேறு விஷயம். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இளம் ஆண்கள் பந்தயம் கட்டி நூறு, இருநூறு என்று தண்டால் எடுக்கும்போது நடப்பது இது.

வெள்ளிக்கிழமை மாலை கிரிக்கெட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திணைக்களங்களுக்கிடையில் போட்டி என்று அறிவித்தவுடன், பல மாதமாக ஓடாதவர் சப்பாத்தைத் தேடி எடுக்கிறார். நாற்பது வயது, நல்ல உயரம், ஒரு ஓட்டத்துக்காகப் பாய்ந்திருக்கிறார். “ஆரோ பின்னால நிண்டு காலில அடிச்ச மாதிரி இருந்திச்சு சேர். திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல.” இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பாதி விளங்கிவிடும். குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைக்காலைப் பிழிந்து பார்ப்பேன். நல்ல காலென்றால் பாதம் கீழ்நோக்கி அசையும். இவருடையது அசையவில்லை. குதிக்கால் தசைநாண் அறுந்துவிட்டது. சுளுக்கென்று நினைத்து எண்ணெய் போட்டுத் தடவி, இரண்டு வாரம் கட்டிவைத்துவிட்டு வந்திருந்தார். அறுந்த நாண் சேருவதற்கு முதல் நாட்கள்தான் முக்கியம், அவை போய்விட்டன. போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வாரம் இரண்டு தடவை மெதுவாக ஓடிப் பழகியிருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது. இன்னொரு விஷயம், சிப்ரோஃப்ளொக்சசின் வகை அன்ரிபயோட்டிக் அண்மையில் எடுத்தவருக்கு இந்த நாண் அறுபடும் ஆபத்து கூடும். அப்படி மருந்து எடுத்திருந்தால் அந்த முறை மைதானத்துக்கு வெளியே நின்று புள்ளி போடுங்கள்.

ஏற்கெனவே மருந்து குடிப்பவர்கள் குழுவில் இருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். இன்சுலின் போடுபவரும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவரும் வெறும் வயிற்றோடு நடந்தால் சீனி விழுந்துவிடும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் களைப்பென்று விடாமல் இனிப்பு ஏதாவது கொடுங்கள். யாராவது ஒருவர் பொக்கெற்றில் நாலு ரொஃபி வைத்திருப்பது நல்லது. பிறஷருக்கு அற்றெனொலோல், பைசோப்ரோலோல் எடுப்பவருடைய இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையிலுள்ள ஸ்மார்ட் மணிக்கூட்டின் எண்ணை நம்பி ‘இன்னும் ஏறவில்லை’ என்று அவர் வேகத்தைக் கூட்டக்கூடாது. தண்ணீர் வற்றிய உடம்போடு டைக்குளோபெனக் என்ற வலிக் குளிசையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் ஓடுவது சிறுநீரகத்துக்குச் செய்யும் அநியாயம். 35 வயதைத் தாண்டியவர்கள் தொடங்குவதற்கு முன், அரச வைத்தியசாலைகளில் நடக்கும் சுகவாழ்வு நிலையத்தில் பிறஷரையும் சீனியையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். காசு தேவையில்லை.

எடை குறைக்கும் பந்தயம் வேண்டவே வேண்டாம். தராசை அலுவலக நடுவில் வைத்து ஒவ்வொருவராக ஏற்றுவது சிலருக்கு அவமானம், சிலருக்குப் பட்டினி. அதிவேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரும், கொழுப்போடு தசையும் போகும். எதையாவது எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால், யார் எத்தனை நாள் வந்தார் என்று எண்ணுங்கள். இடுப்பை அவரவர் வீட்டில் அளந்துகொள்ளட்டும், எங்கள் பகுதி ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80உம் தாண்டாமல் இருக்க வேண்டும். இரவுக் கடமை முடித்து வருபவர் முதலில் தூங்கட்டும், அன்றைய நாளை அவருக்கு வந்த நாளாகவே போட்டுவிடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைச்சுற்று ஏதாவது வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். வாயுவாக இருக்கும் என்று குழுவிலுள்ள யாராவது கட்டாயம் சொல்வார், அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நெஞ்சு வலியோடு ஒருவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

டெங்கோ சிக்குன்குன்யாவோ வந்து எழும்பியவரும், காலில் அடிபட்டு ஓய்ந்திருந்தவரும் திரும்பி வரும்போது விட்ட இடத்தில் தொடங்க முடியாது. முதல் வாரம் பாதித் தூரம், வலியோ அசதியோ அடுத்த நாள் கூடாவிட்டால் கொஞ்சம் கூட்டலாம். பிரச்சினை என்னவென்றால், பாதியில் தனியாகத் திரும்ப அவருக்கு ஒருமாதிரி இருக்கும், அதற்காகவே இழுத்துக்கொண்டு முழுத் தூரமும் வருவார். அவரோடு சேர்ந்து திரும்ப ஒவ்வொரு நாளும் ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள்.