ஒப்புரவு: நல்லிணக்கத்தில் தொலைந்துபோகும் ஒரு சொல்

சில வாரங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த போதகர் ஒருவர் எங்கள் ஆலயத்தில் ஆங்கிலத்தில் பேசினார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் தம் நாட்டு வெள்ளையர் சபைகளிடம் தாம் கேட்ட கேள்வியை அவர் நினைவுகூர்ந்தார்: யாருடைய நிலத்தில் குடியிருக்கிறீர்களோ, அவர்களோடு 'ரீகன்சைல்' ஆகிவிட்டீர்களா என்பது அந்தக் கேள்வி. அருகில் நின்ற மொழிபெயர்ப்பாளர், "அவர்களோடு இணக்கமாகப் போய்விட்டீர்களா?" என்றார். அடுத்த அரைமணி நேரமும் 'ரீகன்சிலியேஷன்' வந்த இடமெல்லாம் 'நல்லிணக்கம்' என்றும், இரண்டோரிடத்தில் 'சமரசம்' என்றும் ஒலித்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் கையில் விரித்திருந்த வேதாகமத்திலேயே உரிய சொல் அச்சாகியிருந்தது. அது ஒப்புரவு.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலச் சொல் லத்தீன் வழி வந்தது. மீண்டும் ஒன்றுகூட்டுதல் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டின் நிருபங்களில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'கடல்லகே'. மாற்றிக்கொள்ளுதல், குறிப்பாக நாணயம் மாற்றுதல், அதன் பழைய பொருள். ஆகவே கைமாறுதல் என்ற கருத்து அச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது. தமிழில் ஒப்பு என்றால் சமம். அதிலிருந்து வந்தது ஒப்புரவு. சமம், ஒற்றுமை, உலக நடை, உபகாரம் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. ஊருணி நீர் நிறைந்தாற்போல் ஒருவன் செல்வம் ஊருக்குப் பயன்படுவதைப் பேசும் அந்த அதிகாரம், ஒத்தது அறிபவனே உயிர்வாழ்பவன், மற்றவன் செத்தாருள் வைக்கப்படுவான் என்று கடுமையாகவே சொல்கிறது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் 2 கொரிந்தியர் 5இல் 'ஒப்புரவாக்குதலின் ஊழியம்' என்று எழுதியபோது, சமமும் கொடையும் சேர்ந்த இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள்.

நல்லிணக்கத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அண்டை வீட்டார் இருவர் மதிலுக்காகச் சண்டையிட்டு ஓய்ந்தால் அது நல்லிணக்கம்தான். ஆனால் இணங்குதல் என்பதற்கு உடன்படுதல், விட்டுக்கொடுத்தல் என்ற பொருள்கள் வலுவாக உண்டு. 'இணங்கிப் போ' என்ற அறிவுரையை நம் வீடுகளில் யாரிடம் சொல்கிறோம்? அடித்தவனிடம் சொல்வதில்லை, அடிபட்டவரிடம்தான் சொல்கிறோம். சமரசத்தின் கதி இன்னும் வருந்தத்தக்கது. வள்ளலார் வாயில் உயர்ந்து நின்ற அச்சொல், இன்று 'கொள்கையில் சமரசம் செய்துகொண்டார்' என்று பழிச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. இனநீதி கேட்பவர்களிடம் இவ்விரு சொற்களோடு போனால், கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்றே அவர்கள் காதில் விழும்.

தென்னாப்பிரிக்கச் சபைகள் ஒப்புரவு என்ற இந்தச் சொல்லுக்காகவே போராடின என்பதால் அங்கே இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. 1857இல் கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபையின் மாமன்றம், எல்லாரும் ஒரே ஆலயத்தில் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' கறுப்பின விசுவாசிகள் தனியே ஆராதிக்கலாம் என்று தீர்மானித்தது. பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை காலப்போக்கில் கோட்பாடானது. பிரிக்கப்பட்டவர்களுக்காக 1881இல் உருவான மிஷன் சபையே, 1982இல் கேப் டவுன் புறநகரான பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றது. ஐக்கியம், ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் அது பிரிக்காமல் அறிக்கையிடுகிறது. நிறவெறியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் 1985இல் வெளியிட்ட கைரோஸ் ஆவணமோ, நீதியில்லாத ஒப்புரவைப் போதிப்பது கிறிஸ்தவமே அன்று என்ற நிலையை எடுத்தது. அந்த இடத்தில் 'நல்லிணக்கம்' என்று எழுதிப் பாருங்கள்: கைரோஸ் எதைக் கண்டித்ததோ அதையே அதன் வாயில் திணித்ததாகிவிடும்.

அந்நாட்டில் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று உண்டு. ஒருவன் இன்னொருவனின் சைக்கிளைத் திருடிக்கொண்டான். சில காலம் கழித்து வந்து, பழையதை மறந்து நண்பர்களாவோம் என்று கை நீட்டினான். "என் சைக்கிள்?" என்று கேட்டான் பறிகொடுத்தவன். "நான் சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை, ஒப்புரவைப் பற்றிப் பேசுகிறேன்" என்றான் திருடியவன். லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்ற ஆயக்காரத் தலைவன் சகேயு இவனைப் போலப் பேசவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அந்த வீட்டுக்கு அன்றே இரட்சிப்பு வந்தது.

ஒப்புரவு தேவனுக்கும் மனிதனுக்கும் இடையிலானது, இனநீதி அரசியல், இரண்டையும் கலக்காதீர்கள் என்போர் உண்டு. பவுலின் எபேசியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை அவர்கள் மறுபடி வாசிக்க வேண்டும். யூதரும் புறஜாதியாருமாகிய இரண்டு மக்களுக்கு நடுவே நின்ற சுவர் தகர்க்கப்பட்டதைச் சொல்லும் அதே மூச்சில்தான், இருதிறத்தாரும் தேவனுக்கு ஒப்புரவாக்கப்படுவதும் அங்கே சொல்லப்படுகிறது. விசுவாசத்தை விட்டு விலகித்தான் இனநீதியின் பக்கம் நிற்க முடியும் என்ற அச்சம் இந்த அதிகாரத்தின் முன் நிற்காது.

'ஒப்புரவு சர்ச் தமிழ், யாருக்கும் புரியாது' என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். பள்ளியில் குறள் படித்தவருக்குப் புரியாத சொல்லா இது? கத்தோலிக்கர் பாவ அறிக்கை செய்யும் அருள்சாதனத்தையும் 'ஒப்புரவு' என்றே அழைக்கிறார்கள். செய்த தவற்றைச் சொல்லாமல் அங்கே எதுவும் தொடங்குவதில்லை. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கத் தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையேற்ற ஆணையம் 1996இல் சாட்சியங்களைக் கேட்கத் தொடங்கியபோது உண்மையை முதலில் வைத்ததும் இதனால்தான். அந்த ஆணையத்தின் பெயரை நம் நாளிதழ்கள் 'உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' என்று எழுதுகின்றன. இலங்கையில் 2010இல் அமைந்த ஆணைக்குழுவின் பெயரிலும் 'நல்லிணக்கம்' இடம்பெற்றது. அரசு சூட்டிய பெயரை நாம் மாற்ற முடியாதுதான். ஆனால் அரசுப் பெயர்ப்பலகையிலிருந்து சொல்லை எடுத்துவந்து பிரசங்க மேடையில் வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாமல், கையிலிருக்கும் வேதாகமத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கூடாதா?

அந்தப் போதகரின் கேள்வியைத் தமிழில் இப்படிக் கேட்டிருக்க வேண்டும்: "யாருடைய நிலத்தில் குடியிருக்கிறீர்களோ, அவர்களோடு ஒப்புரவாகிவிட்டீர்களா?"