நுனிப் புகையும் அருகிலிருப்பவரின் இதயமும்

ஒரு சிகரெட்டிலிருந்து வெளிவரும் புகை இரண்டு வகைப்படும். புகைபிடிப்பவர் இழுக்கும்போது காற்று வேகமாகப் பாய்வதால் நுனியின் வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசை எட்டுகிறது. அப்போது பிறக்கும் புகை பஞ்சு வடிகட்டி வழியாக அவருடைய நுரையீரலுக்குச் செல்கிறது. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே, சிகரெட் விரலிடுக்கில் வெறுமனே கனன்றுகொண்டிருக்கும்போது, வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரிக்குத் தணிந்து புகையிலை அரைகுறையாக எரிகிறது. அந்த நுனிப் புகை எந்த வடிகட்டியையும் காணாமல் நேரே அறைக்குள் கலக்கிறது. அருகிலிருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பங்கு இதுவே. எடைக்கு எடை ஒப்பிட்டால், இழுத்த புகையைவிட இதில் அம்மோனியாவும் புற்றுநோய் தூண்டும் நைட்ரோசமைன்கள் சிலவும் மிகுதி. ஆகவே, பிறர் ஊதித் தள்ளிய மிச்சத்தைத்தான் அருகிலிருப்பவர் சுவாசிக்கிறார் என்ற பரவலான எண்ணம் பிழையானது. காற்றில் கலந்து நீர்த்துப்போவது மட்டுமே அவருக்குச் சற்று ஆறுதல்.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் உடலுக்குள் நுழைந்தபோது அவ்வளவு வினைத்திறன் உடையதன்று. அதை நீரில் கரைத்து வெளியேற்றுவதற்காக உடலின் நொதிகள் மாற்றியமைக்கும்போதுதான், டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் வடிவம் அதற்குக் கிடைக்கிறது. உடலின் துப்புரவு வேலையே ஆயுதத்தைத் தீட்டிக் கொடுப்பது இந்த வேதியியலின் விசித்திரம். கட்டுப்பாடற்ற செல் பெருக்கத்தைத் தடுக்கும் பி53 மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றுக்கட்டிகளில் அம்மரபணு அடிக்கடி பழுதாகியிருக்கும் இடங்களும் பெரிதும் ஒத்துப்போகின்றன. சளியை மேல்நோக்கித் தள்ளும் மூச்சுக்குழாயின் நுண்ணிழைகளையும் புகை செயலிழக்கச் செய்வதால், உள்ளே படிந்த நச்சு எளிதில் வெளியேறுவதில்லை.

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் பிரிட்டனில் வலுவாக எடுத்துக்காட்டினர். புகைபிடிக்காதவரைப் பற்றிய கேள்வி அதன்பின் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத மனைவியரைக் கணவரின் பழக்கத்தின்படி பிரித்துப் பார்த்தார். கணவர் அதிகம் புகைத்த அளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தும் கூடியிருந்தது. கடும் எதிர்ப்புக்கு உள்ளான அந்த முடிவைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

எனினும் அருகிலிருப்பவருக்குப் பெரிய ஆபத்து இதயத்தில்தான் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. புற்றுநோய் ஆபத்து, உள்ளே சென்ற புகையின் அளவையும் ஆண்டுகளையும் ஒட்டிப் படிப்படியாக வளர்கிறது. இதயம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சிறிதளவு புகையே, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை ஒட்டும் தன்மை உடையவையாக்கி, இரத்தக் குழாயின் உட்சுவர் விரிந்துகொடுக்கும் திறனையும் குறைத்துவிடுகிறது. அதற்குமேல் புகை கூடினாலும் விளைவு அதே வேகத்தில் கூடுவதில்லை. நாளொன்றுக்கு 20 சிகரெட் புகைப்பவரின் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதியை நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் தந்துவிடுவதும், தாம் புகைபிடிக்காமலே பிறர் புகையோடு வாழ்பவருக்கு இதயநோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் வரை உயர்வதும் இதனால்தான். போதாக்குறைக்கு, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது.

குழந்தைகள் தம் உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆஸ்துமா தீவிரமடைதல், நடுச்செவி நோய், கைக்குழந்தைகளின் திடீர் மரணம் ஆகியவற்றோடு பிறர் புகைக்கு உள்ள தொடர்பு நிறுவப்பட்டுள்ளது. சன்னலைத் திறந்து வைப்பது மணத்தைக் குறைக்குமேயன்றி ஆபத்தை நீக்காது. சுவரிலும் திரைச்சீலையிலும் படிந்த நிகோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, சிகரெட் அணைந்து நெடுநேரம் கழிந்த பின்னும் புதிய நைட்ரோசமைன்களை உருவாக்கக்கூடும்.

புகைபிடிப்பதை நிறுத்தியவரின் உடல் மீளும் வேகத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாள்களில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். கூடுதல் இதயநோய் ஆபத்து ஓராண்டளவில் பாதியாகக் குறையும். டி.என்.ஏ.வில் ஏற்கெனவே நேர்ந்த பிழைகளோ அழிவதில்லை என்பதால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடிக்கின்றன.