எரிபொருள் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்தீர்களா?

சொந்தமாகக் கட்டிய விமானத்தைப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே முதலில் இறக்கைப் பக்கம்தான் அழைத்துப் போவார்கள். ரிவெட் வரிசையைக் கையால் தடவிக் காட்டுவார்கள். தடவிப் பார்த்தால் உண்மையிலேயே நன்றாக இருக்கும். நாலைந்து வருஷம், வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி பதினொரு மணி வரை நின்று அடித்த ரிவெட், நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? பார்த்துவிட்டு நான் கேட்பது ஒரே கேள்விதான்: "மூக்கைத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் வரைக்கும் எரிபொருள் எவ்வளவு வருகிறது என்று அளந்தீர்களா?"

"எஞ்சின் ஓடுகிறதே சார்" என்பதுதான் பல நேரம் கிடைக்கும் பதில்.

விமானப் பராமரிப்புதான் என் தொழில். பெரிய விமானங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், ஆட்கள் தாங்களே கட்டிய சின்ன விமானங்களையும் நிறைய திறந்து பார்த்திருக்கிறேன். இறக்கை வானத்தில் முறிந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த வகை விமானங்களைப் பற்றி 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. எஞ்சின் சக்தி போய்விடுவதும், ஓட்டுபவர் கையை விட்டு விமானம் நழுவிப்போவதும்தான் அதில் முன்னால் நின்றன. உடல் உடைந்து விழுவது அபூர்வம். எஞ்சின் நின்றது என்றால் எஞ்சினுக்குள்ளேயே ஏதோ உடைந்தது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் எஞ்சின் நன்றாக இருக்கும், அதற்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்திருக்காது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், இறக்கைக்கு வரைபடம் இருக்கிறது, ஆயிரம் பேர் ஏற்கெனவே கட்டிப் பறந்திருக்கிறார்கள். எரிபொருள் பாதையில்தான் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குக் கை வைக்கிறார்கள். வேறு எஞ்சின் போடுவார்கள், அதனால் வேறு பம்ப். இடம் போதவில்லை என்று ஃபில்டரை நகர்த்துவார்கள், ஹோஸ் வளைந்து வளைந்து போகும். அந்தப் பாதை உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அதை உங்களுக்கு முன்னால் யாரும் சோதித்ததில்லை. போதாததற்கு இந்த வேலை கடைசியில் வருகிறது. வீட்டில் எல்லோரும் "எப்போது பறக்கும்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இத்தனை வருஷம் பொறுமையாக இருந்த அதே மனிதர் கடைசி மூன்று வாரத்தில் அவசரப்படுகிறார்.

சரி, எப்படி அளப்பது? எஞ்சின் முழு பவரில் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும். இறக்கை மேலே இருந்து, பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பு என்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் தள்ளும் அமைப்பு என்றால் 125 சதவீதம். உதாரணத்துக்கு, 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் டேக்-ஆஃபில் மணிக்கு சுமார் 27 லிட்டர் குடிக்கும். ஒன்றரை மடங்கு என்றால் 40.5 லிட்டர், நிமிஷத்துக்கு 675 மில்லி. பம்ப் வைத்த அமைப்பில் நிமிஷத்துக்கு 560 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. விமானம் தன்னால் முடிந்த மிகச் செங்குத்தான கோணத்தில் ஏறும்போது மூக்கு எவ்வளவு தூக்கி நிற்குமோ அந்தக் கோணத்தில் விமானத்தை நிறுத்தி, டேங்கில் கொஞ்சமாக எரிபொருள் வைத்து, கார்புரேட்டரில் மாட்டும் இடத்தில் ஹோஸைக் கழற்றி அளவு ஜாடியில் பிடியுங்கள். ஒரு டேங்க் முடித்து அடுத்த டேங்க். தானாக நிற்கும் வரை விட்டுவிட்டு டேங்கில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், எந்த அளவுக்குக் கீழே போனால் அந்த எரிபொருள் உங்களுக்கு உதவாது என்பதும் தெரிந்துவிடும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், விமானத்தையும் கேனையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுத்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

ஒருவருடைய விமானத்தில் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இறக்கை மேலே, தானாக இறங்கும் அமைப்பு. கட்டினவர் சுத்தமான வேலைக்காரர். முந்தின நாள்தான் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று சந்தோஷமாக இருந்தார். டேங்க் அநேகமாக நிறைந்திருந்தது, சரி அப்படியே முதலில் ஒரு தடவை பார்ப்போம் என்று ஹோஸைக் கழற்றி ஜாடியில் விட்டோம். விரல் தடிமனுக்கு நன்றாக ஊற்றியது. அரை நிமிஷத்தில் மெலிந்தது, அப்புறம் நூல் மாதிரி ஆனது, அப்புறம் சொட்டுச் சொட்டு. ஹோஸில் அடைப்பு என்று அவர் ஃபில்டரைக் கழற்றப் போனார். நான் ஏணியில் ஏறி டேங்க் மூடியைத் திருகினேன், 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது, கீழே ஜாடியில் எரிபொருள் மறுபடியும் பழையபடி கொட்ட ஆரம்பித்தது.

மூடியில் காற்று உள்ளே வருவதற்காக இருந்த வென்ட் துளையைப் பெயின்ட் மூடியிருந்தது. மூடியையும் இறக்கையின் நிறத்துக்கே அடித்திருந்தார், இரண்டு கோட். அந்தத் துளை குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். எரிபொருள் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஐடிலில் எஞ்சின் மெதுவாகக் குடிக்கும், அதனால் முந்தின நாள் தெரியவில்லை. முழு பவரில் டேக்-ஆஃப் செய்திருந்தால் ரன்வே முடிந்து மரத்து உயரத்துக்குப் போகும் நேரத்தில் நின்றிருக்கும், திரும்பி வர உயரமும் இருக்காது, நேராக இறங்க இடமும் இருக்காது. அவர் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

பெயின்ட் மட்டும் என்றில்லை. மூடி இல்லாத வென்ட் குழாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். பெயின்ட் அடிக்கும்போது ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிடுவார்கள். குழாய் இணைப்பு மரைகளில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி டெஃப்லான் டேப் சுற்றினால், இறுக்கும்போது அது நார் நாராகக் கிழிந்து உள்ளே போய் வால்வில், ஜெட்டில் சிக்கும். எரிபொருளுக்கு என்றே வருகிற பேஸ்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். சாதாரண சிலிக்கான் பசையை எரிபொருள் படும் இடத்தில் எங்கேயுமே போடாதீர்கள், பெட்ரோலில் ஊறி ஜவ்வு மாதிரி கழன்று வரும். புது டேங்கில் அலுமினியச் சீவலும் ஃபைபர் தூசியும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் இருக்கும், விமானம் ஆட ஆடத்தான் அது வெளியே வரும். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஐந்து மணிக்குப் பிறகு இன்னொரு முறை, பத்துக்குப் பிறகும் பாருங்கள், தொடர்ந்து சுத்தமாக வரும் வரை விடாதீர்கள்.

வரைபடத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஜான் டென்வர் ஞாபகம் வருவார். அமெரிக்கப் பாடகர், அனுபவமுள்ள விமானியும்கூட. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஇசட் என்ற சின்ன விமானம், வேறொருவர் கட்டியது, இவர் கைக்கு அப்போதுதான் வந்திருந்தது. ரூட்டனின் வரைபடப்படி டேங்கை மாற்றும் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று அதை ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். கைப்பிடியில் எது எந்த டேங்க் என்ற குறி இல்லை, எரிபொருள் மட்டம் காட்டும் கண்ணாடியிலும் அளவுக் குறி இல்லை, அதுவும் பின் சீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அன்று கிளம்பும் முன் அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவரோடு சேர்ந்து, கைப்பிடிக்குக் கை எட்டவில்லை என்று அதில் ஒரு வைஸ் கிரிப்பை (இறுகப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி) மாட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. மட்டத்தைத் திரும்பிப் பார்க்க டெக்னீஷியன் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன் என்று எரிபொருள் நிரப்பவும் டென்வர் வேண்டாம் என்றுவிட்டார். வானத்தில் அந்த வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்பியபோது அறியாமல் வலது ரட்டர் பெடலை (மூக்கை இடம் வலம் திருப்பும் கால்மிதி) அழுத்திவிட்டார், விமானம் கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான் விசாரணையின் முடிவு. வால்வு வைக்கப்பட்ட இடமும் குறி இல்லாததும் அந்த அறிக்கையிலேயே காரணங்களாக எழுதப்பட்டிருக்கின்றன.

கட்டியவரின் யோசனையில் நியாயம் இல்லாமலில்லை. காக்பிட்டில் பெட்ரோல் கசிந்தால் ஆபத்துதானே. ஆனால் ஒரு ஆபத்தைத் தவிர்க்கப் போய், கழுத்தைத் திருப்பினால்தான் எட்டும் ஒரு கைப்பிடியை அவர் உண்டாக்கிவிட்டார், அது அவருக்குப் பழகியிருக்கும், அடுத்து வாங்குபவருக்கு எப்படிப் பழகும்? நான் சொன்ன அதே ஆய்வில், 2011-ல் நடந்த விபத்துகளில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய விமானங்கள். எனவே ஏதாவது மாற்றினால் எழுதி வையுங்கள், வால்வில் பெரிய எழுத்தில் குறி போடுங்கள். வாங்குகிறவராக இருந்தால் பெல்ட்டை இறுக்கிக் கட்டி உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, கை மட்டும் நகர்த்தி வால்வைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த விமானத்தில் அன்று பறக்க வேண்டாம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு இருபது மணி நேரம் மட்டும் பறக்கிற விமானத்தை "இன்னும் புதுசு மாதிரி" என்பார்கள். ரப்பருக்கு மணிக் கணக்கு தெரியாது, வருஷக் கணக்குதான். ரோட்டாக்ஸ் 912-ல் எரிபொருள், ஆயில், கூலன்ட் ஹோஸ்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு குறைவாகப் பறந்திருந்தாலும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் இன்னும் கவனம் வேண்டும், அது சில ரப்பர்களை ஊத வைக்கும், சில டேங்குகளின் உள்பூச்சைக் கரைக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்பு தெரியும். வெளியே வெடிப்பு தெரியாமல் உள்சுவர் உரிந்து கதவு மாதிரி மூடிக்கொள்வதும் உண்டு, அதனால் தேதியைப் பார்த்து மாற்றுவதுதான் சரி. கார்புரேட்டரைத் திறக்கும்போது மிதவைகளைத் தராசில் வையுங்கள்: ஒரு கார்புரேட்டரின் இரண்டும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் போனால் அவை எரிபொருளை உறிஞ்சிக் கனத்துவிட்டன, மாற்றிவிடுங்கள்.

நட்டு போல்ட் விஷயம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் நீட்டவில்லை. விமான போல்ட்களில் ஏஎன்-3 என்ற சின்ன அளவுக்கு இறுக்கம் 20 முதல் 25 இன்ச்-பவுண்ட், அடுத்த அளவான ஏஎன்-4-க்கு 50 முதல் 70, அதோடு லாக் நட்டை மரையில் சும்மா சுழற்றவே தேவைப்படும் இறுக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பழக்கத்தில் இறுக்கினால் ஏஎன்-3 போல்ட்டை நீட்டிவிடுவீர்கள், அதற்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. போல்ட் சுழலக்கூடிய இணைப்பில் நைலான் நட்டு கூடாது, காட்டர் பின் போடும் நட்டுதான். எஞ்சின் அறைச் சூட்டிலும் நைலான் வேண்டாம். இறுக்கியவுடன் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள், கோடு இல்லாத நட்டு இறுக்காத நட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு முடிந்து மூடும் நேரம்தான் எனக்கு எப்போதும் பயமான நேரம். ஹோஸைக் கையால் திருகி வைத்திருப்பீர்கள், ஸ்பேனர் எடுக்கும்போது போன் வரும், பேசிவிட்டு வந்தால் கை அடுத்த வேலைக்குப் போய்விடும். வேலை பாதியில் நின்றால் அந்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனைத் தொடுவது என் வழக்கம், திரும்பி வந்ததும் மூன்று படி பின்னால் போய் ஆரம்பிப்பேன். மூடுவதற்கு முன்னால் வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன், முப்பது வருஷ அனுபவசாலி என்றாலும் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோல் கேபிளைத் தொட்டிருந்தால் ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடிக் கம்பு) பிடித்துக் கட்டை விரலை மேலே நீட்டி வையுங்கள். ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ அந்தப் பக்கம் கட்டை விரலும் சாயும், விரல் காட்டும் பக்கத்து ஏலரான்தான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) மேலே எழும்ப வேண்டும். கேபிளைத் தவறாக இடம் வலம் மாற்றி மாட்டிய விமானத்தில் ஸ்டிக் தடையில்லாமல், லேசாக, அழகாக நகரும், அதனால் 'நகர்கிறது' என்று பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் எஞ்சினை முழு பவரில் சில நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, எஞ்சினை மூடியிருக்கும் கவுலிங்கைக் கழற்றி டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். முதல் முறை ஏறும்போது தனியாக ஏறுங்கள், ஓடுதளத்துக்கு மேலேயே, எஞ்சின் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கும் தூரத்துக்குள் அரை மணி நேரம் சுற்றுங்கள். இறங்கியதும், சூடு ஆறுவதற்குள் மறுபடி கவுலிங்கைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தபோது காய்ந்து கிடந்த ஒரு இணைப்பில் இப்போது ஈரம் தெரியலாம்.