கல்லடிப் பாலமும் இரண்டு ராம் துண்டுகளும்

களுவாஞ்சிக்குடியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கேம் விளையாட முதல் கொம்பியூட்டர் பூட்டப் போறன். காசு மட்டுமட்டு, கிராபிக்ஸ் கார்ட் இப்ப வாங்க ஏலாது. புரொசசருக்கு ரைசன் 5 5600ஜி எடுக்கிறன். கடைக்காரர் 16 ஜிபி ராம் ஒண்டு போடு எண்டுறார். கூட்டாளி 8 ஜிபி ரெண்டு போடு எண்டுறான். எப்படிப் போட்டாலும் 16 தானே?"

கூட்டாளி சொல்வதைக் கேளுங்கள், தம்பி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒன்று போட்டால் பிறகு இன்னொன்று சேர்ப்பது சுலபம்தான். ஆனால் அந்த "பிறகு" வரும்வரை உங்கள் கேம் நொண்டிக்கொண்டே ஓடும். கூட்டினால் இரண்டும் 16, ஓடும்போது அப்படியில்லை.

மற்றப் பாகங்களைப் பற்றி இரண்டே வார்த்தை. மதர்போர்டில் இரண்டு ராம் துளையாவது இருக்க வேண்டும். சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி எடுங்கள். கேசிங்கோடு இலவசமாக வரும், பெயர் தெரியாத "500 வாட்" பவர் சப்ளையை நம்பாதீர்கள். காசைக் கொஞ்சம் கூட்டி நல்லதாக ஒன்று வாங்குங்கள். வீடு கடற்கரைப் பக்கமென்றால் பெட்டியை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உப்புக்காற்று சைக்கிள் செயினுக்குச் செய்வதை இதற்கும் செய்யும். கலர் கலராக மின்னும் லைட்டுகளுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் கருத்து, கோபிக்க வேண்டாம்.

இனி ராமுக்கு வருவோம்.

மட்டக்களப்புப் பெரியவர்களுக்குப் பழைய கல்லடிப் பாலம் மறந்திருக்காது. 1924 இல் கட்டிய லேடி மெனிங் பாலம். ஒரு வாகனம் போகும் அகலம்தான். இந்தப் பக்கத்து வாகனங்கள் போய் முடியும்வரை அந்தப் பக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டும். 2013 இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்த பிறகுதான் அந்த நெரிசல் தீர்ந்தது. பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில் அக்கரையில் எவ்வளவு பெரிய கிட்டங்கி கட்டியிருந்தாலும், இக்கரைக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்து சேரும் மூட்டை கூடியிருக்காது. ராமின் ஜிபி என்பது கிட்டங்கியின் அளவு. கேமுக்கு வேண்டியது அதோடு பாலத்தின் அகலமும்.

அந்த அகலத்தைக் கணக்கிடலாம், பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். 5600ஜி எடுக்கும் டிடிஆர்4 வகை ராம் துண்டு ஒன்றிலிருந்து புரொசசருக்குத் தரவு கொண்டுவர 64 தடங்கள் உண்டு. ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட். "3200" என்று பெட்டியில் போட்டிருப்பது, ஒரு செக்கனில் 320 கோடி தடவை அனுப்பும் என்பதைக் குறிக்கும். (உள்ளே இருக்கும் கடிகாரம் துடிப்பது அதில் பாதிதான், துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை அனுப்புகிறார்கள். டிடிஆர் என்ற பெயரில் வரும் "இரட்டை" இதுதான்.) பெருக்கினால் செக்கனுக்கு 25.6 ஜிபி.

கேட்க எவ்வளவோ பெரிதாக இருக்கிறது. ஆனால் கேம் செக்கனுக்கு 60 படம் வரைய வேண்டும். 25.6 ஐ 60 ஆல் பிரித்தால் ஒரு படத்துக்குச் சுமார் 427 எம்பிதான் வருகிறது. திரையில் 1920க்கு 1080 என்றால் 20 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சுவரின் நிறம், நிழல், முன்னால் நிற்பது எது பின்னால் நிற்பது எது என்று பல தடவை ராமைத் தொட வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இந்தக் கஷ்டமில்லை, அதற்குச் சொந்த நினைவகம் உண்டு. ஆர்எக்ஸ் 6600 என்ற நடுத்தர கார்டிலேயே அது செக்கனுக்கு 224 ஜிபி. 5600ஜி இலோ கிராபிக்ஸ் புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சொந்த வீடில்லை. உங்கள் ராமில்தான் குடியிருக்கிறது. போதாததற்கு, புரொசசருக்குள் கணக்குப் போடும் 6 கோர்களும் அதே ஒடுங்கிய பாலத்தில்தான் வரிசை நிற்கின்றன.

இரண்டாவது துண்டைச் செருகினால் பக்கத்தில் இன்னொரு பாலம் திறக்கிறது, 51.2 ஜிபி. இதில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம், சரக்கை அடுக்கி வைக்கும் விதம். ஒரு துண்டு நிறைந்த பிறகு மற்றதில் நிரப்புவது என்றால் எந்த நேரமும் ஒரு பாலத்தில்தான் கூட்டம் இருக்கும், மற்றது வெறுமையாகக் கிடக்கும். அதனால் தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, சீட்டுக் குத்திப் போடுவது போல, இதற்கொன்று அதற்கொன்று என்று மாறிமாறிப் போடுகிறார்கள். பிறகு ஒரு பெரிய படத்தைக் கேட்டால், தனியாகச் சொல்லாமலே இரண்டு பாலத்தாலும் பாதிபாதியாக வந்துவிடும். கேமுக்கு இப்படி நடப்பதே தெரியாது. ஒரு வரி புரோகிராம் மாற்ற வேண்டியதில்லை. எந்தப் பொட்டலம் எந்தப் பக்கம் என்பதை முகவரியின் சில பிட்டுகளைப் பார்த்தே புரொசசர் முடிவுசெய்கிறது.

அப்புறம் ஒன்று. மதர்போர்டில் நாலு துளை இருந்தால் அடுத்தடுத்துச் செருகிவிடாதீர்கள். பெரும்பாலும் புரொசசர் பக்கமிருந்து இரண்டாவதும் நாலாவதும். கையேட்டில் படம் இருக்கும். கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய், ராமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியையும் இயக்குங்கள், இல்லாவிட்டால் பல துண்டுகளில் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆரையம்பதியில் என் மச்சான் இதைவிடப் புதிய 8600ஜி புரொசசர் பூட்டினான், அடுத்த தலைமுறை டிடிஆர்5 ராம் இரண்டோடு. மாமா ராகு காலம் கழிய வைத்துத்தான் சுவிட்சைப் போட விட்டார். போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கண்ணூறு என்று மாமி சொல்ல, மாமா தேசிக்காய் எடுக்கக் குசினிக்குப் போனார். உண்மையில் அந்த நேரம் மதர்போர்ட் ராமோடு பழகிக்கொண்டிருந்தது. 6000 வேகத்தில் ஒரு பிட் நிற்கும் நேரத்துக்குள் வெளிச்சமே 5 சென்ரிமீற்றர்தான் போகும். தடங்களில் எது ஒரு மயிரிழை நீளம் கூட என்றாலும் பிட்டுகள் முன்னே பின்னே வந்து சேரும். ஆகவே முதல் தடவை போடும்போது சோதனைச் செய்திகளை அனுப்பி, திருப்பி வாங்கி, ஒவ்வொரு தடத்துக்கும் நேரத்தைத் தனித்தனியே சரிசெய்கிறது. அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும்.

மாமா தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றவும் படம் வரவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன விளக்கம் சொல்லியும் அந்த வீட்டில் எடுபடவில்லை.