குப்பிக்குள் வைத்த பஞ்சு

மாத்திரைக் குப்பியை எடுத்தால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வரும் பாட்டி ஒருவர் குப்பிக்குள் பஞ்சைத் திணித்து வைப்பார். வெளியே ஒட்டியிருக்கும் லேபிளைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். பேரனிடம் சொல்லி வைத்திருந்தது "சத்து மாத்திரை" என்று. மகளும் மருமகனும் ஓராண்டு இடைவெளியில் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு நான்கு வயது.

குமரி மாவட்டத்தில் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலும், பிறகு அந்தத் தொற்றுக்கு மருந்து கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சைப் பிரிவிலும் ஆலோசகராகப் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்கே நான் சொல்லும் பிள்ளைகளின் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

"மக்களே, அவனுக்கு ஒண்ணும் தெரியப்பிடாது. தெரிஞ்சா பய தாங்க மாட்டான்" என்றார் பாட்டி. "கொஞ்சம் வளரட்டும் பாட்டி, பொறவு சொல்லலாம்" என்று நானும் தலையாட்டினேன். இத்தனை ஆண்டு வேலையில் என்னை விடாமல் உறுத்துவது அந்தத் தலையாட்டல்தான்.

பதினான்கு வயதில், மருந்து வாங்கும் இடத்தில் சுரண்டாத குப்பி ஒன்று அவன் கைக்கு வந்தது. நண்பனின் செல்போனில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தான். அன்று முதல் பாட்டியின் கண்முன்னே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கொல்லைக்குப் போய்த் தென்னை மூட்டில் துப்பிவிடுவான். ரத்தத்தில் வைரஸ் கூடியிருக்கிறது என்று பரிசோதனை முடிவு வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் பள்ளிக்கூடம் பாதி நாள், துறைமுகத்தில் பெரிய பையன்களோடு குடி மீதி நாள் என்றாகியிருந்தது. ஊரில் எந்தச் சண்டை நடந்தாலும் அவன் அங்கே இருந்தான்.

"சேக்காளிகளால கெட்டுப் போனான்" என்றார் பாட்டி. வகுப்பாசிரியரும் அதையேதான் சொன்னார். அவனிடம் தனியாகப் பேசினேன். அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. கடைசியில், "அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது, இல்லியா?" என்றான். நோய் வந்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பதினாறு வயதில் ஒரு பிள்ளை குடித்தால், மருந்தை நிறுத்தினால், முன்பின் தெரியாத ஒருவரோடு வீட்டை விட்டுப் போனால், காரணத்தை அந்தப் பதினாறாம் வயதிலேயே தேடுகிறோம். கூட்டாளி, செல்போன், சினிமா என்று பட்டியல் போடுகிறோம். நான் இப்போது முதலில் கேட்பது, "நாலு வயசுலேருந்து பத்து வயசு வரைக்கும் இந்தப் பிள்ளை யார் யார் வீட்டில இருந்தது?" என்றுதான். அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுத் துயரங்களைக் கேட்டு நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அடி, அவமானம், வீட்டுக்குள் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது போன்ற துயரங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவை எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தன. பாலியல் நோய்களும் கூடுதல். அடிபட்ட பிள்ளைகள் எல்லாரும் தவறிப் போவார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. என் முன்னால் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொண்டவர்கள் பலர்.

எச்.ஐ.வி. நுழைந்த வீட்டில் இந்தத் துயரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரும். அதுபோக இந்த நோய்க்கென்றே ஒரு துயரம் இருக்கிறது. வாய்விட்டு அழ முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அப்பாவை இழந்த பிள்ளைகளோடு ஊரே சேர்ந்து அழுதது. கோவிலில் பெயர் சொல்லிப் பூசை வைத்தார்கள். அந்தத் துக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதே ஊரில் இந்த நோயால் அப்பாவை இழந்த பிள்ளைக்கு, "அப்பாவுக்கு என்ன?" என்று யாராவது கேட்டால் "மஞ்சக்காமாலை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஐந்து வயதில் பொய் சொல்லிப் பழகிய அந்தத் துக்கம் எங்கே போகும்?

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்து வந்த பெண் ஒருத்தி. பெற்றோர் இறந்ததும் சித்தி வீட்டில் இரண்டு ஆண்டு, பிறகு விடுதி, பிறகு மாமா வீடு. எங்கே போனாலும் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சேர்ந்து சாப்பிடுவதால் இந்தக் கிருமி பரவாது என்பதைச் சித்தியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "தெரியும் மேடம், ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்கு" என்பார். பதினாறு வயதில் அவள் தன்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவனோடு போனாள். பதினெட்டு நிறையாத பிள்ளை என்பதால் போக்சோ சட்டப்படி வழக்கானது. "ஏன் மக்களே போன?" என்று கேட்டேன். "அவரு எனக்க தட்டுல கை வச்சுச் சாப்பிட்டாரு, மேடம்" என்றாள்.

இந்தப் பதிலுக்குப் பிறகு, "ஆண்களை நம்பாதே" என்று வகுப்பெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

உடம்பு சொல்லும் கதையையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே தொற்று வந்து, மருந்து தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு வயதுக்கேற்ற உயரம் வருவதில்லை. பருவமடைவதும் தள்ளிப் போகும். பத்தாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்பா என்று கண்டக்டர் கேட்கும்போது பஸ்ஸே சிரிக்கும். பெரியவன் என்று காட்ட அவனுக்குக் கையில் கிடைப்பது பீடியும் பாட்டிலும்தான். முன்பே மருத்துவர் அழைத்து, "உனக்கு வளர்ச்சி கொஞ்சம் தாமதமா வரும், வராம போகாது" என்று சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பை அவன் வேறு மாதிரி தாங்கியிருப்பான்.

எங்கள் பதிவேட்டில் வராத பிள்ளைகளும் உண்டு. தொற்று இல்லாதவர்கள், ஆனால் தொற்றுள்ள அம்மாவுக்கு ஏழு வயதிலிருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். பரிசோதனையில் "இல்லை" என்று வந்ததும் நாங்கள் சந்தோஷமாகக் கோப்பை மூடிவிடுகிறோம். அந்தப் பிள்ளையிடம் "நீ எப்படி இருக்க?" என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், 12 முதல் 18 வயதுக்குள் போதிய பக்குவமுள்ள பிள்ளை தன் தம்பி தங்கைக்குப் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றில் காப்பாளராக நிற்கலாம் என்கிறது. இந்த வீடுகளில் நடப்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காப்பாளரும் ஒரு பிள்ளைதானே என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

பண உதவியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் வளரிளம் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில், அரசின் உதவித்தொகையோடு அக்கறையாக விசாரிக்கும் பெற்றோரோ ஆசிரியரோ சேர்ந்து கிடைத்த பிள்ளைகளிடம் ஆபத்தான பாலியல் நடத்தை பாதிக்கும் கீழே இருந்தது. நம்மிடம் குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். பாட்டிமார் பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் நோயின் பெயரை எழுத வேண்டியிருக்குமோ என்று பயந்து போவதில்லை. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதை அந்த எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. ஆகவே பயப்படாமல் போங்கள். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழைத்துக் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பிள்ளையிடமே நோயை மறைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்ல வேண்டும், சிறியவர்களுக்குப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே வழிகாட்டியது. ஐந்து, ஆறு வயதில் நான் சொல்வது இவ்வளவுதான்: "உன் ரத்தத்துல ஒரு கிருமி தூங்குது. நீ தினமும் மாத்திரை போட்டா அது முழிக்காது." எட்டு, ஒன்பதில், அது எந்த அணுக்களைத் தாக்கும், மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று சொல்வேன். பதினொன்றில் பெயர். பன்னிரண்டுக்குள் எல்லாம் சொல்லி முடித்திருக்க வேண்டும், அம்மா அப்பா எதனால் இறந்தார்கள் என்பது உட்பட. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டால் உடலுறவு வழியாக இணைக்குப் பரவாது, கல்யாணம், பிள்ளை எல்லாம் உண்டு என்பதையும் அந்த வயதிலேயே காதில் போட்டுவிட வேண்டும். எதிர்காலம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையனிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் எதற்காகப் பார்த்துக்கொள்வான்?

சொல்வது நானாக இருக்கலாம். ஆனால் சொல்லும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அன்று இரவு பிள்ளை தூங்காது. விழித்திருக்க ஒருவர் வேண்டும்.

குளச்சல் பக்கத்துப் பையன் படிப்பை விட்டுத் தங்கல் போட்டில் ஏறிவிட்டான். கொச்சியிலிருந்து கிளம்பினால் முப்பது நாள் கடல். முதல் இரண்டு முறை மருந்தில்லாமல் போனான். மூன்றாம் முறை கிளம்புவதற்கு முன் அவனே வந்து இரண்டு மாத மாத்திரை கேட்டான். இப்போதும் குடிக்கிறான். அதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஆறு வயதுச் சிறுமியோடு இன்னொரு பாட்டி வந்தார். கிருமி தூங்குகிற கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளையின் கையை விடாமல் இருந்தார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குக் கனவு வருமா, டீச்சர்?" என்று கேட்டது.

"தெரியலியே மக்களே. அடுத்த மாசம் வருவ இல்லியா, அப்ப பேசலாம்" என்றேன்.