ஆவிநஞ்சு, நச்சியல்: சொல்லும் பொருளும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டில், மரவள்ளிக்கிழங்கு வேகும் பானையை மூட என் பாட்டி விட்டதே இல்லை. கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார். "மூடாதேடா, நஞ்சு போகட்டும்" என்பார். ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கையே சோறாகத் தின்று வளர்ந்தவர்.

பாட்டி சொன்ன அந்த நஞ்சுதான் ஆங்கிலத்தில் 'வாலடைல் பாய்சன்', எளிதில் ஆவியாகும் நஞ்சு. 'வொலாரே' என்றால் லத்தீனில் பறத்தல். கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைக்கிறோமே, அது பறந்துவிடக் கூடாதென்றுதானே? அதே பறத்தல்தான் இதுவும். மரவள்ளியில் லினமாரின் என்ற சேர்மம் உண்டு. கிழங்கை வெட்டினாலோ துருவினாலோ நொதி அதைப் பிளக்கும். ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு பிறக்கும். அதன் கொதிநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ். நம் ஊர் நண்பகல் சூட்டிலேயே பறந்துவிடும். ரப்பர் விதையிலும் இதே லினமாரின்தான் இருக்கிறது.

இதைத் தமிழில் ஆவிநஞ்சு என்று சொல்லலாம். சிலர் நச்சுவாயு என்று எழுதுகிறார்கள், அது வேறு. கார்பன் மோனாக்சைடு பிறக்கும்போதே வாயு. மெத்தனால், குளோரோஃபார்ம், பென்சீன் ஆகியவை புட்டியில் நீர்மமாக நின்று, திறந்ததும் ஆவியாக எழும்பும். 'தண்ணி மாதிரிதானே இருக்கு' என்று காற்றோட்டமில்லாத அறையில் மூடியைத் திறந்துவைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும்.

நஞ்சுகளை ஆராயும் துறை 'டாக்சிகாலஜி'. கிரேக்கத்தில் 'டோக்சோன்' என்றால் வில். 'டோக்சிகோன் ஃபார்மகோன்' என்பது அம்பில் தடவும் நஞ்சு. காலப்போக்கில் 'ஃபார்மகோன்' உதிர்ந்துபோய், வில்லின் பெயரே நஞ்சுக்கு நின்றுவிட்டது. இதை விளங்கிக்கொள்ள கிரேக்கம்வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஈப்போ. அந்த நகரத்துக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் பாலைத்தான் ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவினார்கள். அதன் தாவரவியல் பெயர் ஆன்டியாரிஸ் டாக்சிகாரியா.

உதிர்ந்துபோன அந்த 'ஃபார்மகோன்' மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். தோட்டத்தில் நாமும் அப்படித்தான் பேசுகிறோம். களைக்கொல்லி தெளிக்கப் போகிற பெண் "மருந்தடிக்கப் போறேன்" என்பார். முதுகில் தோம்பு, கையில் உறை கிடையாது, பெயரோ மருந்து. 2020இல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் மருந்து என்றுதான் சொன்னோம். மலாய்க்காரர்கள் களைக்கொல்லியை 'ராச்சுன் ரும்பாய்' என்கிறார்கள். 'ராச்சுன்' என்றால் நஞ்சு. இந்த ஒரு சொல்லில் அவர்கள் நம்மைவிட நேராகப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். நாமும் நஞ்சு என்றே சொல்ல வேண்டும்.

துறைக்குத் தமிழ்ப் பெயர் நச்சியல். நஞ்சு என்ற சொல் அடையாக வரும்போது நச்சு ஆகும்: நச்சுப்பாம்பு, நச்சுயிரி (வைரஸ்). இரும்பு இருப்புப்பாதை ஆவதும் இப்படித்தான். நஞ்சியல் என்று எழுதினாலும் பிழையில்லை. நச்சுயிரியோடு சேர்ந்து நிற்பதால் நச்சியல்தான் எனக்குப் பிடிக்கும். 'விஷம்' வடசொல். 'நஞ்சுண்பார் கள்ளுண் பவர்' என்ற குறளிலேயே நஞ்சு இருக்கிறது.

1814இல் நஞ்சுகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிடத் தொடங்கிய மத்தேயு ஓர்ஃபிலாவை நச்சியலின் தந்தை என்பார்கள். ஆவிநஞ்சுகளை உடற்பகுதிகளிலிருந்து பிரிக்கப் பழைய வழி, காய்ச்சி வடித்தல். அவை முதலில் பறந்து வந்துவிடும்.

அவற்றில் ஒன்றான மெத்தனால் சுமார் 65 பாகையில் கொதிக்கும். சாராயத்தில் உள்ள எத்தனால் 78இல். 2018இல் சிலாங்கூரில் பலரைக் கொன்ற கலப்பட மதுவில் இருந்தது இந்த மெத்தனால்தான். அது உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகி, முதலில் கண் நரம்பைத் தாக்கும். ரப்பர் பாலைத் தட்டில் உறையவைக்க என் அப்பா அளந்து ஊற்றிய 'அசிட்' இருக்கிறதே, அதுவும் இதே ஃபார்மிக் அமிலம்தான்.